வெறும் வயிற்றோடு மருத்துவமனைக்கு: இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

(தஞ்சோங் டாவாய் வட்டாரத் தமிழ் மக்களுக்கான சுகாதார விளக்கக் கூட்டத்தில் நீரிழிவுத் தாதி ஒருவர் ஆற்றிய உரை)



மெர்போக், செமிலிங், பீடோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கும், இங்கேயே தஞ்சோங் டாவாயில் குடியிருப்பவர்களுக்கும் என் நன்றி. சனிக்கிழமை காலை விடுமுறையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் வழியில் கருவாடும் நெத்திலியும் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள் என்பது வாசனையிலேயே தெரிகிறது. கருவாட்டில் இருக்கும் உப்பைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்வோம்; இன்று அதற்கு நேரமில்லை.

நான் உள்ளே வந்ததும் ஓர் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா தாதிம்மா?" நம் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுவது என்றுதான் பெயர். இன்று நான் பேச வந்திருப்பது பசியாறக் கூடாத காலைகளைப் பற்றி. அறுவைச் சிகிச்சைக்கோ, குடலைக் குழாய்விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கோ, இரத்தப் பரிசோதனைக்கோ "சாப்பிடாமல் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அந்தக் காலைகள். இனிப்பு நீர் இல்லாதவருக்கு அது வெறும் பசி. இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். இந்தியர்களிடம் இது மற்ற இனத்தவரைவிட அதிகம். ஆகவே இந்த மண்டபத்தில் ஒரு வரிசைக்கு ஒருவராவது என்னைப் பார்த்துத் தலையாட்டுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஒரு பெரியவரின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பெயர் வேண்டாம். வயது 67. மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது மகன் வீட்டில், இங்கே பக்கத்தில்தான் இருக்கிறார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று கிளினிக்கில் செய்கிற பரிசோதனையில் அவருக்கு 'இருக்கிறது' என்று வந்தது. கொலோனோஸ்கோப்பிக்குத் தேதி கொடுத்தார்கள். பல மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. கையில் ஒரு மலாய்க் கடிதம். அதில் 'புவாசா' என்ற சொல்லும், நள்ளிரவு 12 மணி என்ற நேரமும், வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடிக்கும் முறையும் இருந்தன. பேரப்பிள்ளை படித்துச் சொன்னது. மருந்து மாத்திரையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

முதல் நாள் முழுக்க அவர் தெளிந்த நீர் மட்டும் குடித்தார். வயிறு பத்துப் பதினைந்து முறை போனது. இரவு வழக்கம்போல கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். விடியற்காலை எழுந்து, "மருத்துவமனையில் சர்க்கரை ஏறிவிட்டது என்று திட்டுவார்கள்" என்று நினைத்து, ஒரு மிடறு தண்ணீரோடு காலை மாத்திரையையும் போட்டுக்கொண்டார். ஐந்தரைக்கு மகனோடு காரில் கிளம்பினார். செமிலிங் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மகன், பயத்தில் வேர்க்கிறது என்று நினைத்து ஏர்கோனைக் கூட்டினார். அப்பா கொஞ்சம் கோபமாகவும் குழப்பமாகவும் பேசத் தொடங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் சீனிப் பொட்டலம் இருந்தது. நீட்டினார். பெரியவர் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். பின்னால் அவரே எங்களிடம் சொன்னார்: "சாப்பிட்டா தேதி போயிடும்னு நெனச்சேன்மா."

மருத்துவமனை வாசலில் அவரைத் தள்ளுநாற்காலியில் உட்கார வைத்து விரலைக் குத்திப் பார்த்தபோது 2.3. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும், அல்லது நினைவு போயிருக்கும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி அவரைத் தேற்றினார்கள். அன்று பரிசோதனை நடக்கவில்லை.

யார் குற்றம் என்று நீங்கள் கேட்பீர்கள். கடிதம் எழுதியவர் மாத்திரையைப் பற்றி எழுதவில்லை. வழக்கமாக மருந்து கொடுக்கிற இடத்தில் "உங்களுக்கு எப்போது பரிசோதனை?" என்று யாரும் கேட்கவில்லை. அந்த யாரிலும் என்னைப் போன்ற தாதிகள் உண்டு. ஆனால் எங்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் விடியற்காலை ஐந்தரைக்குக் காரில் நாங்கள் உங்களோடு இருக்கமாட்டோம்.

"நாங்கள் பார்க்காத பட்டினியா?"

தோட்டத்துப் பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வரும் முதல் பதில் இதுதான். "இருட்டோட எழுந்து பெரட்டுக்குப் போவோம். ஒரு கோப்பி ஓ. அதுக்கப்புறம் பத்து மணி வரைக்கும் வெறும் வயித்தோட முந்நூறு, நானூறு மரம் வெட்டுவோம். எங்களுக்கா மயக்கம் வரும்?" என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். பொய் இல்லை. ஆனால் அப்போது உங்கள் உடம்பில் மாத்திரை இல்லை.

சாப்பிடாத நேரத்தில் நம் கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் விடும். கணையம் அதற்கேற்ப இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். இப்படித்தான் நல்ல உடம்பு இரவு முழுக்கச் சமாளிக்கிறது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் (டயாமைக்ரோன், டாவோனில் என்ற பெயரில் வாங்கியிருப்பீர்கள்) கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்து உடம்பில் கூடுதல் நேரம் தங்கிவிடும். வயதும் 67 ஆகி, முதல் நாளும் சாப்பிடாமல், வயிறும் போயிருந்தால் கல்லீரலில் சேமிப்பு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். "சாப்பிடவில்லை, அதனால் ஊசியும் வேண்டாம்" என்று இன்சுலினை முழுவதுமாக நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை என்ற பயத்திலும் வலியிலும் உடம்பு சுரக்கும் சில சுரப்பு நீர்கள் சர்க்கரையை ஏற்றும். சாப்பிடாமலேயே 15, 18 என்று ஏறிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வகை நீரிழிவு உள்ளவர், பெரும்பாலும் சிறு வயதிலேயே வந்தவர், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஒரு நாளும் முழுதாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.

ஆக, வழக்கம்போல எல்லாவற்றையும் போட்டுக்கொள்வதும் தவறு, எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

எந்த மருந்து, என்ன செய்வது

நான் சொல்வது பொதுவான வழக்கம். உங்கள் அளவை உங்கள் மருத்துவரோ மருந்தாளரோ சொல்ல வேண்டும். சொல்வதோடு விடாமல் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிளிக்லசைட் வகை மாத்திரைகளைச் சாப்பிடாத காலையில் விட்டுவிடச் சொல்வார்கள். குடல் பரிசோதனைக்காக முதல் நாளே உணவைக் குறைக்கிறீர்கள் என்றால், முதல் நாள் மாத்திரையையும் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெரியவருக்கும் பாதி வினை முதல் நாள் இரவிலேயே தொடங்கிவிட்டது.

மெட்போர்மின் தனியாகச் சர்க்கரையை அதிகம் இறக்காது. சாப்பிடாத காலையில் பெரும்பாலும் அதையும் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஊசி வழியாக நிறமருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள், சிறுநீரகமும் பலவீனம் என்றால், அதற்குப் பிறகும் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வது வழக்கம்.

இப்போது சிலருக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அறிவித்தது. காரணம், இந்த மருந்தோடு பட்டினி கிடந்தால் மீட்டரில் சர்க்கரை நன்றாகவே தெரியும், ஆனால் இரத்தத்தில் அமிலம் கூடிக்கொண்டே போகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். "இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லிக் காட்டுங்கள். மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டிய மருந்தைப் பற்றி முதல் நாள் இரவு கேட்டுப் பயனில்லை. கடிதம் கையில் கிடைத்த வாரமே கேட்க வேண்டும்.

வாரம் ஒரு முறை போடும் ஊசி, பசியைக் குறைக்கிற ஊசி என்று சிலர் தனியார் கிளினிக்கில் வாங்குகிறார்கள். அது வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். இரவு சாப்பிட்டது காலையிலும் வயிற்றில் இருக்கலாம். மயக்க மருந்து கொடுப்பவருக்கு இது தெரிந்தாக வேண்டும். தனியாரில் வாங்கியதை அரசாங்க மருத்துவமனையில் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

இன்சுலினில், படுக்கும் முன் போடும் நீண்ட நேர இன்சுலினைப் பெரும்பாலும் சற்றுக் குறைத்துப் போடச் சொல்வார்கள். 100 பங்கில் 80 பங்கு என்பது பல இடங்களில் பின்பற்றும் அளவு. இரண்டும் கலந்த இன்சுலினைக் காலையில் பாதியாகக் குறைப்பார்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின், சாப்பாடு இல்லாத வேளைக்கு வேண்டாம். இவை உதாரணங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் அளவைப் பார்த்து உங்கள் பேனாவைத் திருகாதீர்கள்.

தெளிந்த நீர் என்றால் என்ன?

ஏன் சாப்பிடக் கூடாது என்கிறார்கள்? மயக்கத்தில் இருக்கும்போது தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 1946-இல் இதை எழுதிக் காட்டினார். பிரசவத்தில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்களிடம் அவர் கண்டது. அதனால்தான் பட்டினியை விளையாட்டாக எடுக்கக் கூடாது. அதே சமயம் நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எல்லாருக்கும் ஆகாது என்ற பழைய வழக்கம் இப்போது தளர்ந்திருக்கிறது. பொதுவாகச் சாதாரண உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது மயக்கவியல் மருத்துவர்களின் கணக்கு. உங்கள் கடிதத்தில் எது இருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். புரியவில்லை என்றால் அதில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, "தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம்?" என்று தனியாகக் கேளுங்கள்.

தெளிந்த நீர் எது என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை சொல்கிறேன். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, பின்னால் நாளிதழைப் பிடியுங்கள். எழுத்து தெரிந்தால் தெளிந்த நீர். பச்சைத் தண்ணீர், சீனித் தண்ணீர், வடிகட்டிய ஆப்பிள் சாறு, பால் இல்லாத தே ஓ, இவையெல்லாம் தேறும். மைலோ தேறாது. தே தாரிக் தேறாது. பால் கலந்த எதுவும் வயிற்றின் கணக்கில் சாப்பாடுதான். "ஒரு வாய் மைலோதானே" என்று குடித்துவிட்டு வந்து அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டி வந்தவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ரசத்தைப் பற்றி எப்போதும் ஒருவர் கேட்பார். பருப்பும் மிளகும் மிதக்கிற ரசத்தில் நாளிதழ் தெரியாது அம்மா.

குடல் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. சிவப்பு, ஊதா நிறம் உள்ள பானம் வேண்டாம். நம் வீடுகளில் எப்போதும் இருப்பது சிவப்புச் சிரப்தான். அந்த நிறம் குடலில் தங்கி, பார்க்கிறவருக்கு இரத்தம் போலத் தெரியும்.

முதல் நாள் தெளிந்த நீர் மட்டும் என்றால், எல்லாவற்றையும் சீனி இல்லாமல் குடிக்காதீர்கள். காலமெல்லாம் "தே ஓ கோசோங்" குடிக்கச் சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். அந்த ஒரு நாளுக்கு மட்டும் விதி வேறு. சோறும் ரொட்டியும் இல்லாத நாளில் உடம்புக்குச் சர்க்கரை அந்தக் கிளாஸிலிருந்துதான் வர வேண்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று தாதியிடம் கேட்டு, மீட்டரில் பார்த்துக்கொண்டே குடியுங்கள். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை விரலைக் குத்திப் பார்ப்பது நல்லது. படுக்கும் முன்பும், எழுந்ததும், கார் ஏறும் முன்பும் கட்டாயம்.

4-க்குக் கீழே போனால்

இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கும் என்றால் இந்தப் பகுதி இருக்கட்டும்.

மீட்டர் 4-க்குக் கீழே காட்டினால், அது தாழ்சர்க்கரை. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் 120, 180 என்று வேறு எண் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண். நம் 4 அவர்களுக்கு 72.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்கல், காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல். மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் இவை வந்தால் தாழ்சர்க்கரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். நீண்ட நாள் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலும் இறங்கும். அதனால்தான் மீட்டர்.

உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இன்னும் 4-க்குக் கீழே என்றால் மீண்டும் 3 தேக்கரண்டி. அதற்கும் ஏறவில்லை என்றால் 999-ஐ அழையுங்கள்.

"பட்டினியாக இருக்கும்போதுமா?" பட்டினியாக இருக்கும்போதும்தான். வழக்கமாகச் சர்க்கரை ஏறியதும் ரொட்டி ஏதாவது சாப்பிடச் சொல்வோம். இப்போது அது வேண்டாம். தெளிந்த சீனித் தண்ணீரோடு நிறுத்தி, மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள் என்று குறித்து வையுங்கள். தெளிந்த நீர் வயிற்றை விட்டுச் சீக்கிரம் போய்விடும். ஆகவே பல நேரங்களில் சற்றுத் தாமதித்து அன்றே செய்துவிடுவார்கள். சிவப்புச் சிரப் தவிர வேறு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் சிவப்புச் சிரப்பையே குடியுங்கள். நிறத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். தேதி போனால் இன்னொரு தேதி வாங்கலாம்.

நோன்பு வைக்கும் நம் முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும் இதே ஆலோசனைதான். இரத்த சர்க்கரை 3.9-க்குக் கீழே போனாலோ, 16.6-க்கு மேலே போனாலோ நோன்பை முடித்துவிட வேண்டும் என்பது அனைத்துலக நீரிழிவு வழிகாட்டி. கடவுளுக்காக இருக்கிற நோன்பையே முடிக்கலாம் என்றால், கொலோனோஸ்கோப்பிக்காக இருக்கிற பட்டினியை முடிப்பதில் என்ன தயக்கம்?

நினைவு இழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தேனும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். காரில் போகும்போது நேர்ந்தால் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். முக்கியமாக, பட்டினியோடு போகிறவர் தானே காரோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக் கூடாது. தஞ்சோங் டாவாயிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆகும், இருட்டில் இன்னும் கூடும். மயக்க மருந்து கொடுத்திருந்தால் திரும்பும்போதும், அடுத்த 24 மணி நேரத்துக்கும் ஓட்டக் கூடாது.

தேதி வாங்கும்போதே கேளுங்கள்

பல மருத்துவமனைகளில் இனிப்பு நீர் உள்ளவர்களைக் காலையில் முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் நீங்கள் இனிப்பு நீர் உள்ளவர் என்பது பட்டியல் எழுதுகிறவருக்குத் தெரிந்தால்தானே? "எனக்கு இனிப்பு நீர், இன்சுலின் போடுகிறேன், காலையில் முதலில் போட முடியுமா?" என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வரிசை மீறுவதாகவும் யாரும் நினைக்கமாட்டார்கள்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சையை மருத்துவரே தள்ளிப்போடுவார். புண் ஆறாது, கிருமி பிடிக்கும் என்பதால்தான். சிலர் அதைக் கேட்டு, கடைசி வாரம் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு வருகிறார்கள். மூன்று மாதக் கணக்கை ஒரு வாரப் பட்டினி மாற்றாது.

கிளினிக்கில் எடுக்கிற வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனையும் இதே குடும்பம்தான். அதற்கு 8 மணி நேரம் பட்டினி, பச்சைத் தண்ணீர் மட்டும். இங்கே சீனித் தண்ணீர் குடித்தால் பரிசோதனையே கெட்டுவிடும். ஆனாலும் தாழ்சர்க்கரை வந்தால் குடிக்கத்தான் வேண்டும். காலை மாத்திரையையும் ஊசியையும் வீட்டில் போட்டுக்கொள்ளாமல் பையில் எடுத்து வாருங்கள். கூடவே இரண்டு இட்லியோ ரொட்டியோ கட்டிக்கொண்டு வாருங்கள். இரத்தம் கொடுத்ததும் மருந்தைப் போட்டுப் பசியாறுங்கள். ஆறரைக்கே வந்து எண் எடுத்துவிட்டு, பத்து மணி வரை பசியோடு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், அவர்கள்மீது அல்ல.

கண்புரை அறுவைச் சிகிச்சை பலருக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் நடக்கிறது. பட்டினி தேவைப்படாமலும் இருக்கலாம். அக்காவுக்குச் சொன்னார்கள் என்று நீங்களும் பட்டினி கிடக்காமல், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்து சாப்பிட ஆரம்பித்ததும் மருந்தைத் தொடங்கலாம் என்று சொல்வார்கள். காலையில் விட்ட மாத்திரையை மதிய மாத்திரையோடு சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். விட்டது விட்டதுதான். மதியமும் வாந்தியாக இருந்து சாப்பிட முடியவில்லை என்றால், கிளிக்லசைட்டைப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று முன்வரிசையில் ஓர் ஐயா கேட்கிறார். சில வாரம் கழித்து அவருக்கு வேறு தேதி கிடைத்தது. இந்த முறை மருந்தாளர் ஒரு தாளில் எந்த நாள், எந்த மாத்திரை, எத்தனை மணி என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். பேரப்பிள்ளை அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியது. விடியற்காலை மீட்டர் 4.6. கார் ஏறும் முன் பார்த்தபோது 3.8. தெளிந்த நீர் குடிக்க இன்னும் நேரம் இருந்தது. மூன்று தேக்கரண்டி சீனித் தண்ணீர் குடித்து, கால் மணி காத்திருந்து, 5.9 ஆனதும் கிளம்பினார்கள். நேரத்தைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். பரிசோதனை அன்றே நடந்தது. குடலில் ஒரு சிறு சதை வளர்ச்சி இருந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் பின்னால் புற்றாக மாறக்கூடிய வகை.

பின்பக்க மேசையில் என் சக தாதியும் மருந்தாளரும் இருக்கிறார்கள். மருந்துப் பையைக் கொண்டு வந்திருப்பவர்கள் அப்படியே மேசையில் கொட்டிக் காட்டலாம். எது எந்த வகை என்று பார்த்து, உங்கள் தாளில் தமிழில் எழுதித் தருவோம். மீட்டரை எடுத்து வந்தவர்கள் அதையும் காட்டுங்கள். பட்டையின் காலாவதித் தேதியைப் பார்த்துச் சொல்வோம். அடுத்த மாதத்துக்குள் தேதி போட்ட கடிதம் கையில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள்.